உள்ளே போனாளா என்று பார்க்கிறவர்

வேன்கார அண்ணனுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வேனில் வந்த பதினெட்டுப் பெண்களில் ஒருத்திகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. அவர் இல்லாதபோது 'வேன்கார அண்ணன்', எதிரில் இருந்தால் வெறும் 'அண்ணா'. அவரும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆம்பூரில் நாங்கள் வேலை செய்த ஷூ கம்பெனியிலிருந்து வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் வரைக்கும் அவர் ஓட்டினார். பெண்கள் எல்லாரும் தையல் லைன். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பவர்கள். வெட்டிய தோலைத் தட்டில் அடுக்கி அவர்கள் மிஷினுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வேனில் டிரைவரைத் தவிர நான் ஒருத்தன்தான் ஆம்பளை. பெண்களுக்கு நடுவில் உட்கார எனக்குக் கூச்சம். அதனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு எனக்கு என்று ஆகிவிட்டது. வேன் ராத்திரி ஆலங்காயத்தில் நிற்கும். என் வீடும் அங்கேதான். முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் நான். ஆறு வருஷம் அவரைப் பக்கவாட்டில் பார்த்திருக்கிறேன். நேருக்கு நேர் பார்த்தது கம்மி.

மற்ற கம்பெனி வேன்கள் ஸ்டாப்பில் நிற்கும், பெண் இறங்குவாள், வேன் போய்விடும். இவர் வேன் போகாது. இறங்கியவள் சந்துக்குள் நடந்து வீடு சேர்ந்து உள்ளே போய்விட்டாள் என்று தெரிகிற வரைக்கும் அங்கேயே நிற்கும். எஞ்சினை அணைக்கவும் மாட்டார். ஒரு கால் ஆக்சிலேட்டர் மேல் துடித்துக்கொண்டே இருக்கும். விரல்கள் கியர் குமிழின் மேல் தாளம் போடும். கழுத்தை நீட்டி இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு அடையாளம் இருந்தது. ஸ்டெல்லா வாசல் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவாள். மும்தாஜ் அக்கா மாடிப்படியில் நின்று சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டுவார். செட்டியப்பனூர்ப் பக்கம் இறங்குகிற ஒருத்தியின் வீட்டில் நாய் இருந்தது. அது குரைத்து ஓய்ந்தால் அவள் உள்ளே போய்விட்டாள் என்று அர்த்தம். அந்த நாய் செத்துப்போன வாரம் அண்ணன் ரொம்பவும் தவித்துவிட்டார்.

"நாய் இல்லாம எப்டிம்மா தெரியும் எனக்கு?" என்று அவளையே கேட்டார்.

"நான் வேணும்னா நாயாட்டம் கொலைக்கட்டாண்ணா?" என்றாள் அவள். வேனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

இதற்குப் பின்னால் ஏதோ கதை இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். முன்னால் நாட்றம்பள்ளிப் பக்கம் வேறு கம்பெனிக்கு ஓட்டியபோது ஒரு பெண்ணை ஹைவேயில் இறக்கி விட்டுப் போனாராம், அவள் வீட்டுக்கே போய்ச் சேரவில்லையாம். இன்னொருத்தி சொன்னாள், அது அவருடைய சொந்தத் தங்கச்சியாம். ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நானே கேட்டுவிட்டேன்.

"தங்கச்சியா? எனக்குக் கூடப் பொறந்த நாலு பேரும் அண்ணன்ப்பா" என்றார். "நாட்றம்பள்ளில நான் லாரி ஓட்டுனேன். தேங்கா ஏத்துவேன். தேங்காய்க்கு இன்னா ஆவும்?"

"அப்புறம் ஏண்ணா?"

"ஏன்னா, பாக்கலன்னா எனக்கு வண்டி ஓடாது. அவ்ளோதான்."

அவர் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்றால் மிகையாக இருக்கும். ஸ்டியரிங் பின்னால் உட்காருவார். வேறு எங்கே போனாலும் நிற்பார். டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றபடிதான் குடிப்பார். ஸ்டெல்லாவின் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். முதல் பந்தியில் உட்கார்ந்தவர் பாயசம் வருவதற்குள் எழுந்து, வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர் சம்சாரம் அன்றைக்கு வந்திருந்தார். "ஊர்ல இருக்கிற பொம்பளைங்கல்லாம் ஊட்டுக்குள்ள போனாளான்னு பாக்கிறாரு. இவுரு ஊடு எங்க இருக்குதுன்னு கேளு, யோசிப்பாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அது வெறும் தமாஷ் இல்லை.

இப்போது கம்பெனி பெரிய பஸ் விட்டிருக்கிறது. அண்ணன் தன் மகனோடு திருப்பத்தூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

அவர் ஓட்டிய காலத்தில், உள்ளே போனாளா என்று நின்று பார்க்கிற இந்தப் பழக்கத்தால் ஒரு தொந்தரவு வந்தது. ஜெயா என்று ஒருத்தி. ஆலங்காயத்துக்கு முன்னால் கடைசித் திருப்பத்தில் இறங்குவாள். ரோட்டிலிருந்து தென்னந்தோப்பு ஓரமாக நூறு அடி மண்பாதை, அதற்கப்புறம் அவள் வீடு. ரோட்டில் நின்றாலே வாசல் தெரியும். அவள் புருஷன் வாணியம்பாடியில் தோல் ஷாப்பில், தோலைப் பதனிடச் சுழல்கிற டிரம் ஓட்டுகிற ஆள். ஒரு நாள் மதியம் அவர் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றுவிட்டார்.

"என் ஊட்டு வாசல்ல தெனம் ராத்திரி ஒருத்தன் லைட்டு அடிச்சிக்கினு நின்னு பாக்கிறான். ஊர்ல நாலு பேர் கேக்கிறான். நான் இன்னான்னு பதில் சொல்றது?"

கேட்டில் எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார். ஹெச்.ஆர். மேடம் அண்ணனைக் கூப்பிட்டு, ஜெயாவை மட்டும் இறக்கிவிட்டு உடனே போய்விட வேண்டும், நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் "சரிங்க மேடம்" என்றார். ஜெயா மிஷின் முன்னால் தலையைக் குனிந்தபடி தைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டு வைக்கப் போனபோது அவள் மும்தாஜ் அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"எங்கூட்டு ஆளு, இன்னொரு தபா எதாச்சும் காதுல வுழுந்தா வேலைய வுட்டு நிறுத்திடுவேன்னு சொல்லிட்சிக்கா. நிறுத்துனா பொண்ணு படிப்பு?"

அவளுடைய பெரிய பெண் வேலூரில் நர்சிங் சேர்ந்திருந்தாள். ஜெயாவின் சம்பளத்தில்தான் படித்தாள். இது வேனில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் ஜெயா இறங்கியதும் அண்ணன் வண்டியை எடுத்துவிடுவார். சொன்னபடி நிற்கமாட்டார். ஆனால் முதல் கியரிலேயே மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போவார். ஹெட்லைட்டை அணைத்துவிடுவார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருப்பார்.

"அண்ணா, லைட்டு" என்பேன் நான்.

"நிக்கலயேப்பா. போய்க்கினுதான இருக்கிறேன்?"

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சினிமா வந்தது. ஒரு ஏற்றுமதி ஆர்டரை எங்கள் லைன் சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்னால் முடித்துக் கொடுத்தது. வழக்கமாக எவர்சில்வர் டப்பா கொடுப்பார்கள். இந்தத் தடவை ஹெச்.ஆர். மேடம், வேலூரில் புதிதாக ஒரு சின்ன தியேட்டர் வந்திருக்கிறது, மொத்தமே இருபத்தி நாலு சீட்டு, படுத்துக்கொண்டு படம் பார்க்கலாம், சாப்பாடு சீட்டுக்கே வரும், எல்லாரும் போகிறோம் என்று அறிவித்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை, ஐந்து மணி ஆட்டம். டிரைவருக்கும் எனக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டிருந்தார்.

தியேட்டரில் குளிர் தூக்கிப் போட்டது. தரையில் நடந்தால் சத்தமே இல்லை. ஒவ்வொரு சீட்டும் ஒரு கட்டில் அகலம். அதன் கைப்பிடியில் ஒரு சின்ன மேசை, ஒரு போர்வை, இரண்டு பொத்தான். உள்ளே நுழைந்த பதினெட்டுப் பெண்களில் ஒருத்தியும் உட்காரவில்லை. எல்லாரும் சீட்டுக்கு முன்னால் குனிந்துவிட்டார்கள். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தையலைப் பார்த்தார்கள்.

"தோலு இல்லடி. ரெக்சினு."

"இஞ்சுக்கு அஞ்சு தையல்தான் வருது பாரு. நம்ம லைன்ல இத வெச்சா மூஞ்சில எறிவான்."

"ஏய், இங்க ஓரமே மடிக்கல!"

மும்தாஜ் அக்காவின் சீட்டில் கைப்பிடிக்குக் கீழே ஒரு நூல் தொங்கியது. எங்கள் லைனில் நூல் தொங்கினால் அந்த ஜோடி திரும்பி வந்துவிடும். அக்கா வீட்டில் ரவிக்கை தைக்கிறவர். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி இல்லாமல் கைப்பையை எடுக்கவே மாட்டார். அதை வெளியே எடுத்துக் கச்சிதமாக நறுக்கினார். பக்கத்து சீட்டிலும் ஒன்று தொங்கியது. அதையும் நறுக்கினார். இன்னும் இரண்டு பேரிடம் கத்தரி இருந்தது. அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அரை இருட்டில் தண்ணீர் பாட்டிலோடு வந்த பரிமாறுகிற ஆளுக்கு என்ன தெரிந்திருக்கும்? கையில் கத்தரியோடு மூன்று பெண்கள் சீட்டுக்கு அடியில் குனிந்திருக்கிறார்கள். "சார்! சீட்ட கிழிக்கிறாங்க சார்!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

எல்லா விளக்கும் எரிந்தது. மேனேஜர் வந்தார். ஹெச்.ஆர். மேடத்தின் முகம் வெளுத்துப்போனது.

"கிழிக்கலப்பா, ஃபினிஷிங் பண்ணிட்டிருக்கேன்" என்றார் மும்தாஜ் அக்கா. "உங்ககிட்ட செக்கிங்கே கெடையாதா? இன்னா பேஜாரா இருக்குது."

மேனேஜர் நம்பவில்லை. இருபத்தி நாலு சீட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கைப்பைகளைத் திறந்து பார்த்தார்கள். கத்தரிகளை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று டோக்கன் கொடுத்தார்கள். படம் ஆரம்பிக்கும்போது ஐந்தரை தாண்டிவிட்டது.

இவ்வளவு நேரமும் அண்ணன் கதவுப் பக்கத்தில் நின்றிருந்தார். மேடம் சொன்னதற்காக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கை எந்தப் பொத்தானில் பட்டதோ, சீட்டு அவரைப் பின்னால் சாய்த்துக் காலைத் தூக்கிவிட்டது. பதறி எழுந்தார்.

"ஆஸ்பத்திரி கட்டிலாட்டம் இருக்குதுப்பா. டிரைவரு படுத்தா நல்லா இருக்குமா?"

அவர் எழும்போதெல்லாம் இன்னொரு பொத்தான் அமுங்கியது. பரிமாறுகிற ஆள் குனிந்தபடி ஓடி வருவார். "கூப்டீங்களா சார்?" "இல்லப்பா." கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருவார். மூன்றாவது தடவை ஒரு தட்டு பிரியாணியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை ஒரு வாய் தின்றுவிட்டு ஸ்டெல்லா, "ஆம்பூர் பிரியாணி துன்றவளுக்குப் போயி இத பிரியாணின்னு குடுக்குறான் பாரு, தைரியம்தான்" என்றாள்.

ஜெயா எங்களுக்கு முன் வரிசையில் இருந்தாள். கழுத்து வரைக்கும் போர்வை, கால் இரண்டும் மேலே, மடியில் தட்டு. படத்தில் ஒரு சிரிப்புக் காட்சி வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் சீட்டே ஆடியது. அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

இடைவேளையில் மும்தாஜ் அக்கா எங்களிடம் வந்து, ஜெயாவைக் கண்ணால் காட்டிக் குனிந்தார். "அண்ணா, ஒரு விஷயம். இவ ஊட்ல சினிமான்னு சொல்லல. ஓ.டி.ன்னு சொல்லிட்டு வந்துகிறா."

ஓ.டி. என்கிற ஓவர்டைம் இருக்கிற நாளில் எங்கள் வேன் ஜெயாவின் திருப்பத்துக்குப் பத்து மணிக்குப் போகும். அவள் புருஷனுக்கு அது தெரியும். வேலூரிலிருந்து அங்கே போக இரண்டு மணி நேரம். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். படம் தாமதமாக ஆரம்பித்ததையும் மீதி இருப்பதையும் விரல்விட்டுக் கூட்டினார்.

"எட்டுக்கு டயர் உருளணும். படம் முடிய எட்டரை ஆவும்."

அதிலிருந்து அவர் நிலைகொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார். கீழே போய் வேனைத் திருப்பி வாசலைப் பார்த்து நிறுத்திவிட்டு வந்தார். "உக்காருங்கண்ணா, தலை மறைக்குது" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஏழே முக்காலுக்கு முன் வரிசைக்குக் குனிந்து போனார். அவர் மெதுவாகப் பேசியதாக நினைத்திருப்பார். எனக்கே கேட்டது.

"பாப்பா, எட்டுக்குக் கௌம்பணும்."

"படம் முடிஞ்சிடட்டும்ணா."

"ஓ.டி.ன்னு சொல்லிக்கிறியாமே."

"பத்து நிமிஷம் முன்ன பின்ன ஆனா இன்னாண்ணா?"

"இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

ஜெயா தட்டை மேசையில் வைத்தாள். போர்வையை மடித்தாள். காலைக் கீழே இறக்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் திரையைப் பார்க்கவில்லை. அண்ணன் அசையும்போதெல்லாம் திரும்பி அவரைத்தான் பார்த்தாள். அவருக்கும் அது தெரிந்தது. "நான் சொல்லியிருக்கக் கூடாதோ" என்று என் காதில் சொன்னார். சொல்லாமலும் இருக்க முடியாதே என்று எனக்குத் தோன்றியது.

எட்டே காலுக்கு மும்தாஜ் அக்காதான் எழுந்து நின்றார். "எழுந்திருங்கடி. போதும்."

படத்தில் கோர்ட்டு. ஒரு கொலைக் கேஸில் ஜட்ஜ் தீர்ப்பைப் படிக்க வாய் திறக்கிறார். அந்த நேரத்தில் பதினெட்டுப் பெண்களும் நாங்கள் இருவரும் வரிசையாக எழுந்து வெளியே வந்தோம். ஹெச்.ஆர். மேடத்துக்கு எதுவும் புரியவில்லை. அவர் வீடு வேலூரிலேயே. அவர் மட்டும் முழுப் படமும் பார்த்திருப்பார்.

வேனில் ஒரே சண்டை. ஹீரோவுக்குத் தூக்கு என்றாள் ஸ்டெல்லா. தூக்கு என்றால் அந்தப் பாட்டை எங்கே வைப்பான் என்றாள் இன்னொருத்தி. ஜெயா வாயே திறக்கவில்லை. கடைசி சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் ஹைவேயில் அறுபதுக்கு மேல் போகமாட்டார். அன்றைக்கும் போகவில்லை. பக்கத்தில் லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வாணியம்பாடி வந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது. மற்ற பெண்கள் இறங்க வேண்டிய ஸ்டாப் எல்லாம் இனிமேல்தான்.

"எங்கள தள்ளி வுட்டுட்டுப் போய்க்கினே இருங்கண்ணா" என்றார் மும்தாஜ் அக்கா. "உள்ள போனாளா வெளிய போனாளான்னு நிக்காதீங்க இன்னிக்கி."

முதல் ஸ்டாப் வந்தது. அண்ணன் நிற்காமல் போனார்.

"அண்ணா! என் ஸ்டாப்பு!"

"நீங்கள்லாம் அப்புறம். அவளை வுட்டுட்டுத் திரும்பி வரும்போது ஒவ்வொருத்தரா வுடறேன்."

நிற்காமல் இறக்கிவிட அவரால் ஆகவில்லை. அதற்குப் பதில் பதினேழு பேரையும் ஆலங்காயம் வரைக்கும் சுமந்துகொண்டு போய்த் திரும்பி வரத் தயாராக இருந்தார். வேனில் ஏச்சு விழுந்தது. ஒருத்தி தன் மாமியாருக்கு போன் போட்டு, "டயர் பஞ்சர் அத்தை" என்றாள். அண்ணன் திரும்பிப் பார்த்து, "பொய் சொல்லாதம்மா" என்றார். "அப்ப நீங்களே பேசுங்க!" என்று போனை நீட்டினாள்.

ஜெயாவின் திருப்பத்துக்கு வந்தபோது பத்து மணி ஐந்து நிமிஷம். ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் புருஷன் நின்றிருந்தார். லுங்கி, கையில் டார்ச். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ஜெயா இறங்கினாள். அவர் அவளிடம் பேசாமல் அண்ணனின் ஜன்னலுக்கு வந்தார்.

"ஓ.டி.யா?"

அண்ணன் திரும்பி ஜெயாவைப் பார்த்தார்.

"கம்பெனிக்கு போன் போட்டேன். வாட்ச்மேன் எடுத்தான். இன்னிக்கி அரை நாளுன்றான். மதியமே கேட்டு பூட்டியாச்சுன்றான்."

"லேட்டானது என்னாலதாங்க" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா." ஜெயாவின் குரல். சின்னதாகத்தான் இருந்தது. "சினிமாவுக்குப் போனேன். வேலூருக்கு. கம்பெனில கூப்ட்டாங்க, இத்தினி பேரும் போனோம். சொன்னா நீ வுடமாட்டன்னு சொல்லல."

அவர் டார்ச்சை வேன் ஜன்னல்களின் மேல் ஓட்டினார். பதினேழு முகம். டார்ச் கடைசியில் என் மேல் வந்து நின்றது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆமாங்க, எல்லாரும் போனோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நானும் கூட இருந்தேன்ப்பா" என்றார் மும்தாஜ் அக்கா.

ஜெயாவின் புருஷன் டார்ச்சைத் தாழ்த்தினார். திரும்பி மண்பாதையில் நடந்தார். ஜெயா பின்னால் போனாள். டார்ச் வெளிச்சம் தென்னை மரங்களின் மேல் ஆடிக்கொண்டே போனது. வீட்டு விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

ஆறு வருஷமாகக் கதவைச் சாத்தினால்தான் அண்ணனுக்கு நிம்மதி. அன்றைக்குக் கதவைச் சாத்தியதும்தான் அவருக்குப் பயம் வந்தது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கியருக்குப் போன கை பாதியில் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டார். அவர் வழியில் எஞ்சினை அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காது கொடுத்துக் கேட்டார். ஏசிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்க ஜன்னல்களில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ ஒரு மோட்டார் ஓடியது. வேறு சத்தம் இல்லை. சத்தம் இல்லாதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். பிறகு மும்தாஜ் அக்கா மெதுவாக, "போலாம்ணா. நாம நிக்கிறது தெரிஞ்சா இன்னும் ஜாஸ்தி ஆயிடும்" என்றார்.

கடைசிப் பெண்ணை விட்டுவிட்டு நாங்கள் ஆலங்காயம் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றோம். ஆனால் அவர் எதையும் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நாளைக்கி வருவாளா தம்பி?" என்று கேட்டார். "தெரிலண்ணா" என்றேன். அதற்குத்தான் வந்தார் போலிருக்கிறது. திரும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஜெயா திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மும்தாஜ் அக்கா ஏறியதும் முதலில் கேட்டது அதுதான். "இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலக்கா. நேத்து முழுக்கப் பேசல. இன்னிக்கி சோறு கட்டும்போது 'இன்னா படம்'ன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

"வேலைக்கு?"

"போவாதன்னு சொல்லல. போன்னும் சொல்லல. நான் வந்துட்டேன்."

அன்றைக்கு ராத்திரி திருப்பத்தில் அவள் புருஷன் டார்ச்சோடு நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. அவளோடு நடந்து போனார். அண்ணன் வண்டியை எடுத்தார். உருட்டவில்லை, சாதாரணமாகத்தான் போனார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"தம்பி, அவன் அவளுக்கு எதுவும் ஆவக் கூடாதுன்னு நிக்கிறானா, இல்ல சந்தேகப்பட்டு நிக்கிறானா?"

"எப்டிண்ணா தெரியும்?"

"தெரியாதுல்ல. ரோட்ல இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது." பிறகு ரொம்ப நேரம் கழித்து, "நான் நின்னப்போ அவளுக்கு எப்டி இருந்திருக்கும்?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவள் புருஷனுக்கு நைட் ஷிப்ட். திருப்பத்தில் யாரும் இல்லை. தோப்பு இருட்டாக இருந்தது. ஜெயா இறங்கி இரண்டடி வைத்தாள். அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"பாப்பா."

அவள் நின்றாள்.

"நான் நிக்கட்டா, போவட்டா?"

அவர் இதைக் கேட்டு முடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஜெயா ஒரு பக்கம் வீட்டைப் பார்த்தாள், ஒரு பக்கம் எங்களைப் பார்த்தாள்.

"இன்னிக்கி நில்லுங்கண்ணா" என்றாள். போகப் போனவள் மறுபடியும் திரும்பினாள். "நாளைக்கி எப்டின்னு நாளைக்கிக் கேளுங்க."

மறுநாள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எல்லாரையும் கேட்டார். "ஆறு வருஷம் கழிச்சி இப்பதான் கேக்கத் தோணுச்சா உங்களுக்கு?" என்றார் மும்தாஜ் அக்கா. ஆனாலும் யோசித்துத்தான் பதில் சொன்னார். பாதிப் பேர் நில்லுங்க என்றார்கள், பாதிப் பேர் போங்க என்றார்கள். ஜெயா சில நாள் நில்லுங்க என்பாள், சில நாள் போங்க என்பாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

போங்க என்று சொன்ன நாளில் போய்விடுவார். பின்னால் பார்க்காமல் இருப்பதற்காகக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஓட்டுவார். நான் அவருக்குப் பதிலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். ஆனால் என்ன பார்த்தேன் என்று அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.